பற்பசை வேண்டாம், பைப்பைத் திறவுங்கள்

கேள்வி: எங்கள் 2 வயது மகன் மேசை விரிப்பைப் பிடித்து இழுத்ததில் சுடச்சுட இருந்த பிளேன்டீ கையில் கொட்டிவிட்டது. மாமி உடனே பற்பசை பூசினார். ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுக்கும்போது பிள்ளை கத்தியது இன்னும் என் காதில் நிற்கிறது. காயம் ஆறிவிட்டது. ஆனால், பற்பசை குளிர்ச்சிதானே, அதில் என்ன பிழை என்று மாமி கேட்கிறார்.
- ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: மாமியைக் குறை சொல்லாதீர்கள் தங்கச்சி. பிள்ளை துடிக்கும்போது கைக்கு எட்டியதை எடுத்துப் பூசத்தான் யாருக்கும் மனம் வரும். ஆனால் பற்பசையின் குளிர்ச்சி வெறும் உணர்வுதான், தோலுக்குள் இறங்கிய சூட்டை அது எடுக்காது. காயத்தை எரிய வைக்கும், காய்ந்து ஒட்டிக்கொண்டு வைத்தியருக்குக் காயத்தின் ஆழம் தெரியாமலும் செய்துவிடும். தேங்காய் எண்ணெய், பட்டர், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் வேண்டாம். ஐஸ் வைத்தால் காயம் இன்னும் மோசமாகும்.

பைப் தண்ணீர் போதும். ஆனால் 20 நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்து! அழுகை அடங்கியதும் பைப்பை மூடிவிடுகிறோம், பிழை அங்கேதான் நடக்கிறது, ஏனென்றால் உள்ளே இறங்கிய சூடு அதற்குள் தணிந்திருக்காது. கொழும்பு மாடி வீடுகளில் இன்னொரு சிக்கல், மத்தியானத்தில் மொட்டை மாடித் தாங்கியிலிருந்து வரும் தண்ணீரே சுடும். முதலில் கொஞ்சம் ஓடவிட்டு உங்கள் கையில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் வெட்டு நாளென்றால் வாளியில் பிடித்து வைத்ததைக் கோப்பையால் ஊற்றிக்கொண்டே இருங்கள். உடனே முடியாமல் போனாலும் 3 மணித்தியாலத்துக்குள் செய்தால் பலன் உண்டு. சின்னப் பிள்ளை சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதனால் காயத்தில் மட்டும் தண்ணீர் ஓடட்டும், மற்ற உடம்பைத் துவாயால் போர்த்துங்கள்.

நனைந்த சட்டையையும் கைக்காப்பையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். அப்புறம் சுத்தமான துணியை மேலே தளர்வாகப் போட்டு வைத்தியரிடம் போங்கள்.

முகம், கை, கால், மூட்டு, மறைவிடம் என்றாலோ, காயம் பிள்ளையின் உள்ளங்கையை விடப் பெரிது என்றாலோ, தோல் வெளுத்து வலியே இல்லாமல் இருந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். உங்களுக்குப் பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் தூரமில்லை.

அந்த மேசை விரிப்பை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.