கிணற்றுக்குப் போகும் மழை: கேள்வி பதில்

திண்டுக்கல் விவசாயி: அண்ணே, ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை, கிணறு அசையவில்லை. கார்த்திகையில் ரெண்டு நாள் மழைக்கே ஒரு வாரத்தில் பத்தடி ஏறிவிட்டது. இது என்ன கணக்கு?

முதல் மழையைக் குடித்தது உங்கள் மண். கோடையில் காய்ந்து கிடந்த மண், துகள்களைச் சுற்றி ஒட்டிப் பிடிக்கும் அளவுக்கு ஈரம் சேர்ந்த பிறகுதான் மிச்சத்தைக் கீழே விடும். அந்த ஈரத்தை வேர் எடுக்கலாம், வெயில் எடுக்கலாம், கிணற்றுக்கு வராது. ஐப்பசி மழை அதற்கே போயிற்று. கார்த்திகை மழைக்கு வழி திறந்திருந்தது.

பத்தடி ஏறியதற்குக் காரணம் வேறு. உங்கள் கிணறு இருப்பது சிதைந்த பாறையில். அதில் நீரை வைத்துத் திரும்பத் தரக்கூடிய இடம் மொத்தக் கன அளவில் 1.5 முதல் 3 சதவீதம்தான். 2 சதவீதம் என்று வையுங்கள். 60 மி.மீ. நீர் இறங்கினாலே மட்டம் 3 மீட்டர், அதாவது ஏறக்குறைய பத்தடி ஏறும். அதே 60 மி.மீ. ஆற்று மணலில் இறங்கியிருந்தால் ஒன்றேகால் அடிதான் ஏறும், ஏனென்றால் அங்கே இடம் 16 சதவீதம் வரை உண்டு. ஆக, பத்தடி ஏறியதைப் பார்த்து நெல் போடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். ஏறிய வேகத்திலேயே இறங்கும்.

கல்லூரி மாணவி: சார், பெய்யும் மழையில் எத்தனை சதவீதம் நிலத்தடிக்குப் போகிறது?

மண்ணையும் பாறையையும் பொறுத்தது, அம்மா. 1997-இல் வந்த நிலத்தடி நீர் மதிப்பீட்டு நெறிமுறைப்படி, கங்கைச் சமவெளி வண்டலுக்கு 22 சதவீதம், கிழக்குக் கடற்கரை வண்டலுக்கு 16, சிதைந்த கிரானைட்டுக்கு 8 முதல் 11, சார்னோகைட் என்ற கடினப் பாறைக்கு 5. தமிழ்நாட்டில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவான பரப்பு கடினப் பாறை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மிச்ச மழையில் ஒரு பகுதி ஓடிவிடும். பெரும்பகுதி செடி வழியாகவும் வெயிலாலும் ஆவியாகிவிடும். இவை சராசரிதான். ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழையும் பத்து நாள் தூறலும் ஒரே மி.மீ. காட்டினாலும் நிலத்துக்கு ஒன்றல்ல.

கோவில்பட்டியிலிருந்து: எங்கள் கரிசலில் முதல் மழை வெடிப்புக்குள் கடகடவென்று இறங்குகிறதே, அது நல்லதுதானே?

நல்லதுதான், ஆனால் கொஞ்ச நேரத்துக்கு. ஈரம் பட்டதும் கரிசல் உப்பி வெடிப்பை மூடிக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் மேலேயே நிற்கும்.

கோவை நண்பர்: ஐயா, பக்கத்துத் தோட்டத்தில் ஆயிரம் அடிக்குப் போர் போட்டிருக்கிறார். நானும் போடலாமா?

வேண்டாம் என்பேன். ஆழம் போகப் போக பாறையில் வெடிப்புகள் குறைந்துகொண்டே போகும். இருப்பதும் மேலே உள்ள பாரத்தில் இறுகிக் கிடக்கும். ஆழத்தில் கிடைப்பது பல இடங்களில் மிகப் பழைய தண்ணீர். 1950, 60-களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் மழையில் டிரிட்டியம் கூடியது. காலப்போக்கில் சிதைந்துபோகும் கதிரியக்க ஹைட்ரஜன் அது. 1963 வாக்கில் உச்சம். அதற்கு முந்தைய மழை நீரில் இன்று அது கிட்டத்தட்ட இருக்காது. ஆழ்துளை நீரில் டிரிட்டியமே இல்லை என்றால் நீங்கள் இறைப்பது உங்கள் தாத்தா காலத்து மழையை, அல்லது அதற்கும் முந்தையதை. போன வருஷ மழை அந்த இடத்தை நிரப்பித் தரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் பழைய கிணற்றைத் தூர்வாருங்கள். ஓடை நீரை ஒரு வண்டல் தொட்டியில் தெளியவிட்டுக் கிணற்றுக்குள் திருப்புங்கள்.

டொராண்டோ வாசகி: அண்ணா, இங்கே மாதக்கணக்கில் பனி கிடக்கிறது. அது நிலத்துக்குள் போகுமா, உருகி ஓடிவிடுமா?

இரண்டும் நடக்கும், தங்கச்சி. நிலம் ஈரத்தோடு உறைந்திருந்தால் அது கல்தரை மாதிரி. மேலே உருகுவது ஓடையைத்தான் பார்க்கும். ஆனால் கனமான பனிப் போர்வை மண்ணைக் குளிரிலிருந்து காக்கவும் செய்யும். அப்படி உறையாமல் இருக்கும் மண், வசந்தத்தில் மெதுவாக உருகும் நீரை நன்றாக வாங்கிக்கொள்ளும். செடிகள் அப்போது துளிர்த்திருக்காது, வெயிலும் கடுமையில்லை. எனவே கோடை மழையைவிடப் பனியில் அதிகப் பங்கு கீழே போவது உண்டு. உங்களுக்கு வடக்கே ஓக் ரிட்ஜஸ் மொரைன் என்ற மேட்டுநிலம் இருக்கிறதே, பனியாறுகள் விட்டுப்போன மணலும் சரளையும்தான் அது. அங்கே இறங்கும் நீர் ஊற்றாகக் கசிந்துதான் ஹம்பர், டான், ரூஜ் ஆறுகள் மழையில்லாத நாளிலும் ஓடுகின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கட கிணத்துத் தண்ணி மாரியில நல்லா இருக்கும், ஆவணி வரேக்க உவர்க்குது. கிணத்த இன்னும் ஆழமாக்கினா நல்ல தண்ணி வருமா?

ஆழமாக்கவே கூடாது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மாரி மழைதான் மூலதனம். அந்த நன்னீர் கடலிலிருந்து ஊடுருவிய உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது பொது விதி. இதைத் திருப்பிப் போட்டால்தான் பயம் வரும்: இறைத்து ஓரடி குறைத்தால், கீழிருந்து உப்பு நாற்பதடி ஏறப் பார்க்கும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது இதனால்தான். கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு இறையுங்கள். சுண்ணாம்புக் கல் நீரைச் சீக்கிரம் உள்ளே விடும். அதே வேகத்தில் மலக்குழிக் கழிவையும் உரத்தையும் விடும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் தண்ணீரில், அவற்றிலிருந்து வந்து சேரும் நைட்ரேட் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.

சென்னை அடுக்ககச் செயலாளர்: மாடித் தண்ணீரை நேராகப் போருக்குள் விடலாமா?

வடிகட்டாமல் விடாதீர்கள், முதல் மழையைக் கழித்துவிடுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழைக்கு 930 லிட்டர் வரும். பெசன்ட் நகர் போன்ற மணல் பகுதி என்றால் உறை இறக்கிய கிணறு போதும்.

இன்னொருவர்: தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பது?

தேங்காயைச் சட்னிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கும் அளவீடு செய்யுங்கள். அதுவும் உத்தரவாதமில்லை, ஆனால் பாறை எங்கே சிதைந்திருக்கிறது என்று சொல்லும்.

திண்டுக்கல் விவசாயி, மறுபடி: அப்போ எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நானே தெரிந்துகொள்ள முடியுமா அண்ணே?

முடியும். இரவு மோட்டாரை நிறுத்திவைத்து, விடியற்காலை கல் கட்டிய கயிற்றால் மட்டத்தை அளந்து எழுதுங்கள். வைகாசியில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 0.02-ஆல் பெருக்கினால் அந்த மழைக்காலம் உங்கள் நிலத்துக்குக் கொடுத்தது தோராயமாகத் தெரியும். பக்கத்துக் கிணற்றுக்காரரையும் அளக்கச் சொல்லுங்கள், இரண்டு பேரும் இறைப்பது ஒரே தண்ணீரைத்தான்.