வாங்கும் இடமும் சர்வீஸ் விடும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டுமா?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஒன்பது லட்ச ரூபாய் கார் வாங்கப் போகிறேன். சேலத்தில் ஒரே கம்பெனிக்கு இரண்டு டீலர்கள் இருக்கிறார்கள். ஒருவர் 28,000 ரூபாய் குறைத்துத் தருகிறார். ஆனால் சர்வீஸ் மோசம் என்கிறார்கள். இன்னொருவர் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டேன் என்கிறார். நான் தினமும் மலை இறங்கி ஏறுபவன். யாரிடம் வாங்கலாம்?"

அன்பரே, வாரண்டி தருவது கார் கம்பெனி, டீலர் அல்ல. இலவச சர்வீஸையும் அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற எந்த மையத்திலும் செய்துகொள்ளலாம். ஆகவே ஒருவரிடம் வாங்கிவிட்டு மற்றவரிடம் சர்வீஸ் விடத் தடையில்லை.

ஆனால் அந்த 28,000 மெய்யான தள்ளுபடிதானா என்று முதலில் பாருங்கள். இருவரிடமும் சாலைக்கு வரும் முழு விலையை எழுத்தில் வாங்கி, வரிவரியாக ஒப்பிடுங்கள். ஷோரூம் விலையில் குறைத்ததை இன்ஷூரன்ஸிலும் கேட்காத துணைப் பொருட்களிலும் 'ஹேண்ட்லிங்' (வண்டியைக் கையாளும் கட்டணம்) என்ற பெயரிலும் திரும்ப எடுத்துக்கொள்வது உண்டு. இன்ஷூரன்ஸை டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. தயாரிப்பு மாதத்தையும் கேளுங்கள். பழைய இருப்பைத் தள்ளிவிடவும் விலை குறைப்பார்கள்.

சர்வீஸ்தான் உங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் பேட் (சக்கரத்தட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை) அதிகமாகச் சூடேறிப் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. பழைய ஆயில் சூட்டில் கொதித்தால் மிதி சட்டென்று உள்ளே போய்விடும்.

என் தம்பி ஒருமுறை, பிரேக்கில் சத்தம் வருகிறது என்று ஒரு பணிமனையில் வாயால் சொல்லிவிட்டு வந்தான். ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலையைப் பணிமனையில் எழுதும் சீட்டு) எழுதியிருந்ததோ 'பொதுச் சோதனை' என்று மட்டும். வண்டி கழுவித் துடைத்துப் பளபளவென்று திரும்பியது. மலை இறங்கும்போது, இரண்டாவது வளைவிலேயே அதே கீச்சொலி. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அதனால், வண்டி வாங்கும் முன்பே ஒரு சனிக்கிழமை மாலை இரண்டு பணிமனைகளுக்கும் போய் உட்காருங்கள். வண்டி எடுக்க வந்திருப்பவர்களிடம் பேசுங்கள். சொன்ன குறை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே கார்டில் ஏறியதா? மாற்றிய பழைய பாகத்தைக் காட்டினார்களா? எஸ்டிமேட்டைத் தாண்டும் முன் போன் செய்து கேட்டார்களா? காபியும் ஏசி அறையும் கணக்கில் வராது. உள்ளே வேலை செய்யும் மெக்கானிக்கிடம் உங்களைப் பேச விடுகிறார்களா என்பதை நான் பெரிதாக மதிப்பேன்.

குறைந்த விலைக்காரரின் கணக்கு சுத்தமாக இருந்தால் அவரிடமே வாங்குங்கள். பதிவு, நம்பர் பிளேட், இன்ஷூரன்ஸ் தாள்கள் எல்லாம் அவர் பொறுப்பு. அவை எந்தத் தேதிக்குள் கைக்கு வரும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சர்வீஸை மற்றவரிடம் விட்டு, முன்சக்கர பேட் எத்தனை மில்லிமீட்டர் மீதி இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் பில்லிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.