என் மனையில் போர் போட எதற்கு அனுமதி?

சொந்த மனை, சொந்தக் காசு. போர் போட ஏன் அனுமதி கேட்க வேண்டும்? (மடிப்பாக்கம் வாசகர்)

நீங்கள் சொல்வது பாதி சரி. நிலத்தடியில் தனி ஓடையாக ஓடாமல் பரவிக் கிடக்கும் நீரை, நிலத்துக்காரர் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் (அனுபவ உரிமை) சட்டம். ஆனால் அது கவலை (நீர் இறைக்கும் தோல் சால்) கட்டி மாடு இறைத்த காலத்துச் சட்டம். மாடு எவ்வளவு இறைத்துவிடும்? இன்றைக்கு உங்கள் 300 அடி போர் இழுப்பதில் பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் சேர்த்திதான். அதனால்தான் 1987-ல் சென்னைப் பெருநகருக்கென்று தனி நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் உள்ள ஊர்களில் கிணறோ போரோ, வீட்டுக்கே என்றாலும், முன் அனுமதி வாங்கித்தான் போட வேண்டும்.

எங்கள் போரில் தண்ணீர் மிச்சம். லாரிக்காரர் கேட்கிறார், கொடுக்கலாமா?

உரிமம் இல்லாமல் கூடாது. விற்க ஆரம்பித்தால் அது வீட்டு உபயோகம் இல்லை. தண்ணீர் எடுப்பதற்கு ஒரு உரிமம், லாரியில் கொண்டுபோவதற்குத் தனி உரிமம். போர் போட வாங்கிய அனுமதியைக் காட்டினால் செல்லாது. 'மிச்சம்' என்கிறீர்களே, மே மாதத்தில் ஒருமுறை மட்டத்தை அளந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மெட்ரோ வாட்டரில் (சென்னைக் குடிநீர் வாரியம்) வரியும் கேட்கிறார்கள், கட்டணமும் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. வரி உங்கள் கட்டடத்தின் ஆண்டு மதிப்பை வைத்துப் போடுவது. கட்டணம் இணைப்புக்கும் தண்ணீருக்கும். ஒன்றைக் கட்டினால் மற்றது கழியாது.

எங்கள் அடுக்ககத்தில் மழைநீர் சேகரிப்பு உண்டு. கட்டி 15 வருஷம் ஆகிறது. சட்டத்துக்கு இது போதுமா?

காகிதத்தில் போதும். 2003-ல் அவசரச் சட்டம் கொண்டுவந்து, பழைய கட்டடங்களையும் சேர்த்து எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கினார்கள். செய்யாவிட்டால் உள்ளாட்சியே செய்துவிட்டுச் செலவைச் சொத்து வரி மாதிரி வசூலிக்கலாம். குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம். அத்தனை கடுமையான சட்டம்தான். ஆனால் குழியைத் திறந்து பார்ப்பவர் யார்?

நான் ஒரு குடியிருப்பில் திறந்து பார்த்தேன். மூடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. உள்ளே ஒரு முழத்துக்குச் சேறு, பால் கவர், ஒரு ஷட்டில் காக். அதையெல்லாம் அள்ளிவிடலாம். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாயைத் தேடினால், அது சுவரோடு வந்து தரைக்கு அரை அடி மேலேயே நின்றுவிட்டது! மழை பெய்தால் தண்ணீர் நேரே தெருவுக்கு. 2019-ல் செம்பரம்பாக்கம் ஏரி காய்ந்து ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, அந்தக் குடியிருப்புக்காரர்களும் லாரிக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

புரட்டாசி முடிவதற்குள் மூடியைத் திறங்கள். மாடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, குழிக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஜல்லியையும் மணலையும் கழுவிப் போடுங்கள். அப்புறம் சட்டத்தைப் பற்றிப் பேசலாம்.

நாங்கள் இரண்டு பேர், எதிர்வீட்டில் ஆறு பேர். தண்ணீர்ச் செலவைச் சரிபாதியாகப் பிரிப்பது நியாயமா?

நியாயமில்லைதான். நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவுகோல். அதன்படி உங்களுக்கு 270, அவர்களுக்கு 810. சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: முதல் மாத பில் வரும்போது உங்கள் வீட்டு ஃபிளஷ் டேங்க் ஒழுகாமல் இருக்க வேண்டும்.