வங்கிக் கணினி முடங்கினால் சேமிப்பு என்னாகும்?

கேள்வி: பணி ஓய்வில் கிடைத்த 4 லட்சம் ரூபாயைக் கூட்டுறவு வங்கி ஒன்றில் போட்டிருக்கிறேன். 2024இல் நடந்ததைப் போல, கணினிகளை முடக்கிப் பணயத்தொகை கேட்கும் கும்பல் மீண்டும் தாக்கினால் என் பணம் போய்விடுமா? இப்போதே எடுத்துவிடலாமா?

பதில்: அந்தக் காரணத்துக்காக மட்டும் எடுக்க வேண்டியதில்லை. அன்று தாக்கப்பட்டது, சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை வழங்கும் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் நிறுவனம். பாதிப்பு பரவிவிடக் கூடாது என்று 2024 ஜூலை 31 அன்று, யுபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ அந்நிறுவனத்தைத் தன் கட்டமைப்பிலிருந்து துண்டித்ததால்தான், ஏறத்தாழ 300 கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐ போன்ற சேவைகளைப் பயன்படுத்த முடியாமல் தவித்தார்கள். மறுநாளே இணைப்பு திரும்பியது. இவ்வகைத் தாக்குதலில் கோப்புகள் பூட்டப்படுகின்றன, சில நேரம் வாடிக்கையாளர் விவரங்களும் களவு போகின்றன. ஆனால் உங்கள் இருப்புத்தொகை வங்கி உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன், கணினி முடங்கியதால் அது தீர்ந்துவிடாது. (5 லட்சம் ரூபாய் வைப்புக் காப்பீட்டைப் பலர் இதற்கும் பொருந்தும் என நினைக்கிறார்கள், அது வங்கியே நொடித்துப் போகும் நிலைமைக்கானது.)

உண்மையான தொல்லை, பாதியில் நின்றுபோகும் பரிவர்த்தனைதான். உங்கள் கணக்கில் பணம் கழிந்து பெற வேண்டியவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் மறுபடி அனுப்பாதீர்கள். திரையில் தெரியும் 12 இலக்கக் குறிப்பு எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, தனிநபருக்கு அனுப்பிய தொகை மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது 5 நாளுக்குள்ளும் திரும்பி வர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, நீங்கள் கேட்காமலே.

அவசரச் செலவுக்கு இன்னொரு கணக்கு வைப்பது நல்லது. ஆனால் அதே ஊரிலுள்ள மற்றொரு கூட்டுறவு வங்கியில் தொடங்கினால் பயனில்லாமல் போகலாம், ஏனெனில் இரண்டுக்கும் சேவை தருவது ஒரே நிறுவனமாக இருக்கக்கூடும். பெரிய வணிக வங்கியில் தொடங்குங்கள். மாதம் ஒருமுறை பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொள்ளுங்கள், கணக்கில் சிக்கல் வந்தால் கையில் ஆதாரம் இருக்கும்.

முடக்கச் செய்தி வந்த நாட்களில், "உங்கள் கணக்கை மீட்டுத் தருகிறோம்" என்று யாராவது அழைத்து ஓடிபி கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஏமாந்து சொல்லிவிட்டால் உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் செய்யுங்கள்.