புள்ளி யார் கைக்காசு?

கேள்வி: கேள்வி பதில் தளங்களில் நிறைய எழுதுபவரைவிட நன்றாக எழுதுபவருக்கு மரியாதை கிடைக்க என்ன வழி?

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2011, 2012 வாக்கில் புரோகிராமர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நான் புள்ளி வேட்டையாடியவன். வெப்சைட் எழுதுபவர்கள் பயன்படுத்தும் ஜேக்வெரி என்ற நிரல் தொகுப்புதான் என் ஏரியா. கேள்வி வந்து விழுந்த அரை நிமிடத்தில் ஒற்றை வரிப் பதிலைப் போட்டு இடம் பிடித்துவிடுவேன், பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற மாதிரி. அப்புறம் நிதானமாக உட்கார்ந்து அதை நிரப்புவேன். பதில் போட்ட முதல் ஐந்து நிமிடத்துக்குள் நாமே செய்யும் திருத்தம் அங்கே தனிப் பதிப்பாகப் பதிவாகாது. அதனால் பார்ப்பவர் கண்ணுக்கு நான் எடுத்த எடுப்பிலேயே முழுப் பதில் எழுதிய மேதாவி. இந்த ஆட்டத்தை ஆடியவர்கள் ஏராளம். கௌபாய் படத் துப்பாக்கிச் சண்டையை வைத்து இதற்கு அங்கே ஒரு பட்டப்பெயரே உண்டு.

அதே காலத்தில் மூன்று ராத்திரி கண் விழித்து எழுதிய பதில் ஒன்றும் இருக்கிறது. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிரவுசரில் மெமரி எங்கே ஒழுகுகிறது, அதாவது எடுத்த மெமரியைத் திருப்பித் தராமல் எங்கே வீணாக்குகிறது என்று தேடிப் பிடித்தது. அதற்கு விழுந்தது நாலு ஓட்டு. ‘அப்புறமாகச் சேர்த்த பட்டனில் கிளிக் வேலை செய்யவில்லையா, இப்படி எழுதுங்கள்’ என்ற இரண்டு வரிப் பதிலுக்கு நூற்றுக்கு மேல். எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் நியாயம் புரிகிறது. பட்டன் பிரச்சினை எல்லாருக்கும் வரும், பதில் சரியா என்று பத்து விநாடியில் பார்த்துவிடலாம். மெமரி விஷயத்தில் நான் சொன்னது சரியா என்று பார்க்க இன்னொருவர் ஒரு ராத்திரி விழிக்க வேண்டும். யார் விழிப்பார்கள்?

அங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது என்பது என் எண்ணம். அப்வோட், அதாவது ‘இது நல்ல பதில்’ என்ற ஓட்டு, போடுபவருக்கு ஒரு பைசா செலவில்லை. செலவில்லாத பாராட்டு, சட்டென்று படித்து முடிக்கக்கூடியதன் பக்கம்தான் சாயும். ஆகவே எந்தத் தளத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது: இந்தப் புள்ளி யார் பையிலிருந்து போகிறது?

யாகூ ஆன்சர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் தொடங்கி 2021 மே மாதம் மூடினார்கள். பதில் என்று எதையாவது தட்டினாலே 2 புள்ளி. சிறந்த பதிலாகத் தேர்வானால் 10. கேள்வி கேட்டால் 5 கழியும். கணக்குப் போட்டால், ‘தெரியலியே பாஸ்’ என்று ஐந்து இடத்தில் எழுதுவதும் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு சிறந்த பதில் எழுதுவதும் கிட்டத்தட்ட ஒன்று. சந்தேகத்தோடு வந்தவரிடம் வசூல் பண்ணி, வாய்க்கு வந்ததைச் சொன்னவருக்குப் படியளந்தார்கள்.

நேர் எதிர்க் கோடியில் கூகுள் ஆன்சர்ஸ். 2002-இல் வந்தது. கேட்பவர் 2 டாலரிலிருந்து 200 டாலர் வரை தன் காசை வைப்பார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆய்வாளர்கள் பதில் எழுதுவார்கள், முக்கால் பங்கு அவர்களுக்கு. சில பதில்களைப் படித்தால் சின்ன ஆய்வுக் கட்டுரை மாதிரி இருக்கும். ஆனால் 2006 முடிவதற்குள் புதுக் கேள்விகளை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். நிஜக் காசு தரத்தைக் கொண்டுவரும், ஆனால் கல்யாண வீட்டுக் கூட்டத்தைக் கொண்டுவராது.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இரண்டுக்கும் நடுவில். பதிலுக்கு ஓர் அப்வோட் விழுந்தால் 10 புள்ளி, ஆனால் ஓட்டு மூலம் ஒரு நாளைக்கு 200-க்கு மேல் சேராது. என்னைப் போன்ற வேட்டைக்காரர்களுக்குப் போட்ட வேலி அது. டவுன்வோட், அதாவது எதிர் ஓட்டு, விழுந்தால் எழுதியவருக்கு 2 போகும். ஒரு பதிலுக்கு டவுன்வோட் போட்டவருக்கும் 1 போகும். அந்த ஒரு புள்ளி எனக்கு மிகவும் பிடிக்கும். ‘இது தப்பு’ என்று சொல்ல நான் எதையோ இழக்க வேண்டும் என்றால், வெறும் கோபத்தில் கை போகாது. கேட்ட நாளிலிருந்து 60 நாள் தாண்டிய கேள்விக்குப் பதில் எழுதி 5 ஓட்டு வாங்கினால் ஒரு பதக்கமும் உண்டு. துண்டு போடுபவருக்கு அது ஒருநாளும் கிடைக்காது.

எல்லாவற்றிலும் உருப்படியானது பவுண்டி, ஒரு கேள்விக்கு நல்ல பதில் தருபவருக்கு என்று அறிவிக்கும் பரிசு. நம்ம தருமிக்குக் கிடைத்த பொற்கிழிதான், ஆனால் பாண்டியன் கஜானாவிலிருந்து வராது. 50 முதல் 500 வரை நம் சொந்தப் புள்ளியை வைக்க வேண்டும், அறிவித்த கணமே கழித்துவிடுவார்கள். நல்ல பதில் வராவிட்டாலும் திரும்பி வராது. நக்கீரர் வேலையும் நமக்கேதான்.

2022 டிசம்பரில் சாட்ஜிபிடி பதில்களுக்கு அங்கே தடை போட்டதையும் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன். அவை தப்பாக இருந்தது பாதிக் காரணம். பார்வைக்குச் சரி போலவே இருந்ததும், எழுத நேரமே ஆகாததும் மீதிப் பாதி. எழுத அரை நிமிடம், சரிபார்க்க அரை மணி என்றானால் சரிபார்ப்பவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

எனக்கு அதிகாரம் இருந்தால் பதில் எழுதியதற்காக மட்டும் ஒரு புள்ளியும் தர மாட்டேன். வாரத்துக்கு இத்தனை ஓட்டு என்று ஆளுக்கு அளந்து கொடுப்பேன். முதல் நாள் விழும் ஓட்டைவிட ஒரு வருடம் கழித்து விழும் ஓட்டுக்கு அதிக மதிப்பு வைப்பேன். சரி, என்னை யார் கேட்கிறார்கள்?

பழைய வேட்டையில் சேர்ந்த புள்ளி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. போன மாதம் கோடை நேர மாற்றம் (சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பது) சம்பந்தமான ஒரு தலைவலிக்குத் தேடியபோது எட்டு வருடத்துக்கு முந்தைய பதில் ஒன்று அகப்பட்டது. மொத்தமே மூன்று ஓட்டு. என் ஒன்றரை நாள் வேலையை அது மிச்சம் பிடித்துக் கொடுத்தது. ஏற்கெனவே இருக்கும் பதிலுக்கும் பவுண்டி தரலாம் என்பது பலருக்குத் தெரியாது. 100 வைத்தேன். உடனே கொடுக்காமல் ஏழு நாளும் விட்டுவைத்துக் கடைசி நாளில்தான் கொடுத்தேன், பவுண்டிக் கேள்விகளை மட்டுமே மேய்பவர்கள் உண்டு என்பதால். அந்த ஒரு வாரத்தில் அந்தப் பதிலுக்கு இன்னும் பதினோரு ஓட்டு விழுந்திருந்தது.