சக்திமான் ஆக்சிலை எஸ்டேட் வண்டியில் பொருத்துவது குறித்து

வணக்கம். ஏலத்தில் எடுத்த சக்திமான் லாரியின் முன், பின் ஆக்சில்களை (சக்கர அச்சுகளை) உங்கள் பழைய ஜீப்பில் பொருத்தி, ஏற்காட்டுத் தோட்டத்திலிருந்து காப்பி மூட்டைகளை இறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்த அந்த ஆக்சில்கள் உறுதியானவைதாம். ஆனால் லாரியின் எடைக்கு ஏற்ற அவற்றை ஜீப் சேஸில் (அடிச்சட்டத்தில்) மாட்டினால், ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடி, மேடுபள்ளத்தில் வண்டி துள்ளும் என்பதால், லாரி சேஸையே குறுக்கிக் கட்டுவதுதான் நல்லது என்பது என் கருத்து.

எதுவானாலும் முதலில் இரண்டு ஆக்சில்களின் கிரவுன் பினியன் விகிதத்தை, அதாவது சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற, ஆக்சிலுக்குள் விசையைக் கொண்டுவரும் பினியன் என்ற சிறு பல்சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதைச் சரிபாருங்கள். ஒரு சக்கரத்தை அசையாமல் நிறுத்தி, மறு சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால், பினியன் முனை எத்தனை முறை சுற்றுகிறதோ அதுவே விகிதம். இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக் இருந்தால் அதை விடுவித்துவிட்டே சுற்ற வேண்டும். முன்னும் பின்னும் விகிதம் மாறினால், நான்கு சக்கர இயக்கத்தில் கியர்கள் ஒன்றையொன்று இழுத்து நொறுங்கும்.

ஆக்சிலைவிட எனக்குக் கவலை தருவது பிரேக்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்துடன் இறங்கும் வண்டிக்கு, பல காலம் கிடந்த வீல் சிலிண்டர் ரப்பர்களையும் குழாய்களையும் நம்பக் கூடாது. அனைத்தையும் புதிதாக மாற்றுங்கள். ஆக்சிலின் உறைக் குழலான ஹவுசிங்கில் ஸ்பிரிங் இருக்கையை வெல்டிங் செய்யும்போது, ஒரே இடத்தில் தொடர்ந்து சூடேற்றினால் குழல் வளைந்துவிடும். இடம் மாற்றி, ஆறவிட்டுப் பற்ற வைக்கச் சொல்லுங்கள்.

பொதுச் சாலையில் ஓட்டுவதானால், தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள்.