பெங்களூரிலிருந்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறேன், இங்குள்ள வங்கிக் கணக்குகளை அப்படியே விட்டுவிடலாமா?

கேட்டவர் இன்னும் ஐந்து வாரத்தில் கிளம்புகிறார். சம்பளக் கணக்கு ஒன்று, வேறு வங்கியில் சேமிப்புக் கணக்கு ஒன்று, கொஞ்சம் எஃப்டி, ஒரு பிபிஎஃப். "இரண்டு மூன்று வருஷம்தானே, திரும்பி வந்துவிடுவேன், எதையும் தொடாமல் விட்டால் என்ன ஆகும்?" என்பது கேள்வி.

விட வேண்டாம். நான் அப்படித்தான் விட்டேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2018 ஜனவரியில் ஸ்டுட்கார்ட் போனேன். அல்சூரில் அப்பாவும் தங்கையும். இந்திராநகர் கிளையில் இருந்த என் சம்பளக் கணக்கில் ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தது, வீட்டுக்கு ஒரு ஆத்திரம் அவசரம் என்றால் இருக்கட்டும் என்று அதை அங்கேயே வைத்துவிட்டேன். வங்கிக்கு ஒன்றும் சொல்லவில்லை. ப்ரீபெய்ட் சிம்மை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன், ரீசார்ஜ் செய்ய மறந்து எண் போய்விட்டது. போனது கூடத் தெரியவில்லை. தெரிந்தது 2019 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, அப்பாவை நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தங்கை போன் செய்தபோது. ஸ்டென்ட் வைக்க வேண்டும், முன்பணம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கட்டச் சொல்கிறார்கள் என்றாள். நெட் பேங்கிங்கைத் திறந்தால் கடவுச்சொல் காலாவதி. புதிதாகப் போட ஓடிபி வேண்டும். அந்த ஓடிபி இப்போது வேறு யாரோ வைத்திருக்கும் எண்ணுக்குப் போகிறது. அங்கிருந்து அவசரமாக அனுப்பிய யூரோ செவ்வாய்க்கிழமைதான் தங்கை கணக்கில் ஏறியது. அதற்குள் அவள், "அண்ணா, வளையலை வச்சாச்சு, பணம் கட்டியாச்சு, நீ பதறாதே" என்று மெசேஜ் அனுப்பியிருந்தாள். அப்பா நல்லபடியாகத் தேறிவிட்டார். ஆனால் ஆறு லட்சம் என் பெயரில் இருக்க, கல்யாணத்துக்குப் போட்ட வளையலை அவள் அடகு வைத்த அந்த ராத்திரியை இன்றைக்கும் என்னால் சாதாரணமாக நினைக்க முடியவில்லை.

அதற்கப்புறம் கணக்கை மீட்க மூன்று மாதம் ஆனது. பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி, முகவரிச் சான்று எல்லாவற்றின் நகலிலும் தூதரகச் சான்றொப்பம் கேட்டார்கள், ஸ்டுட்கார்ட்டுக்கு மியூனிக் துணைத் தூதரகம்தான் என்பதால் ஒரு நாள் லீவு போட்டு ரயிலேறிப் போய் வாங்கினேன். கூரியரில் அனுப்பினால், பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். மறுபடி மியூனிக். கிளம்புவதற்கு முன்னால் கிளையில் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும் வேலை இது.

அதனால் முதல் விஷயம் போன் எண். சிம்மை உயிரோடு வைத்திருங்கள். போஸ்ட்பெய்டில் குறைந்த பிளான் ஒன்றுக்கு மாற்றி, சர்வதேச ரோமிங்கை இங்கேயே இயக்கி வைத்துவிட்டுப் போங்கள், எஸ்எம்எஸ் வருகிறதா என்று போய் இறங்கியதும் சோதியுங்கள். ப்ரீபெய்ட் என்றால் தேதியைக் காலண்டரில் குறித்து ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்க வேண்டும், தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுவனம் முடக்கலாம். மின்னஞ்சலுக்கும் ஓடிபி வரும் வசதி உங்கள் வங்கியில் இருந்தால் அதையும் பதிந்துகொள்ளுங்கள், அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். பத்து நாடுகளின் எண்ணிலேயே யுபிஐ என்று 2023 ஜனவரியில் அறிவித்தார்கள், என்ஆர்ஓ, என்ஆர்இ கணக்குகளுக்கு (வெளிநாட்டில் வசிப்பவருக்கான இரண்டு வகைக் கணக்குகள், கீழே சொல்கிறேன்). ஆனால் அந்தப் பத்து நாடுகளில் சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா எல்லாம் இருந்தன, ஜெர்மனி இல்லை. ஆகவே நீங்கள் இந்திய எண்ணை நம்பித்தான் இருக்க வேண்டும்.

சரி, சட்டம். ஃபெமா என்கிற 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வேலைக்காக நாட்டைவிட்டுக் கிளம்பும் நாளிலிருந்தே நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். 182 நாள் கழித்துத்தான் என்ஆர்ஐ என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது வருமான வரிக் கணக்கு. நான் போனது ஜனவரி, அந்த நிதியாண்டில் ஒன்பது மாதம் இங்கே இருந்துவிட்டேன், அதனால் அந்த வருஷ வரிக்கு நான் இந்தியாவில் வசிப்பவன், ஃபெமாவுக்கோ விமானம் ஏறிய நாளிலிருந்து இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் "இன்னும் டைம் இருக்கு" என்று உட்கார்ந்திருந்தேன். படிக்கப் போகிறவர்களையும் 2003 முதல் ரிசர்வ் வங்கி இதே கணக்கில்தான் வைக்கிறது.

அப்படி ஆனபின் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக மாற்ற வேண்டும். மீறினால் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. எனக்கு அபராதம் எதுவும் வரவில்லை, ஆனால் அதை நம்பி விடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்று வங்கிக்கு வேறு வழியில் தெரியவந்து கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்புக்காகக் கணக்கை முடக்கினாலே போதும், மேலே சொன்ன என் கதைதான்.

என்ஆர்ஓ என்பது இந்தியாவில் வரும் பணத்துக்கு: வாடகை, எஃப்டி வட்டி, டிவிடெண்ட், பழைய கம்பெனியிலிருந்து வர வேண்டிய பாக்கி. பழைய கணக்கையே மாற்றித் தருவார்கள், எஃப்டியும் கூடவே என்ஆர்ஓ எஃப்டி ஆகிவிடும். என்ஆர்இ என்பது நீங்கள் அங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு, இதைப் புதிதாகத்தான் திறக்க வேண்டும். இரண்டும் வேண்டும். என்ஆர்இயில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்துப் போகலாம், வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை. என்ஆர்ஓவிலிருந்து வெளியே அனுப்ப, ஒரு நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை என்ற வரம்பும் வரி கட்டியாயிற்று என்பதற்கான ஆடிட்டர் சான்றும் உண்டு. என்ஆர்இயிலிருந்து என்ஆர்ஓவுக்குப் பணத்தை நகர்த்துவது ஒரு நிமிட வேலை, திரும்ப நகர்த்துவதற்கு அந்த வரம்பும் சான்றும் வந்து நிற்கும். வீட்டுச் செலவுக்கு வேண்டிய அளவு மட்டும் நகர்த்துங்கள்.

என்ஆர்ஓவில் எல்லோரும் பயப்படுவது டிடிஎஸ்ஸுக்கு, அதாவது வட்டியைத் தருமுன்பே வங்கி பிடித்துக்கொள்ளும் வரிக்கு. இங்கே வசிப்பவருக்கு எஃப்டி வட்டி வருஷத்துக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள், அதுவும் பத்து சதவீதம். என்ஆர்ஓவில் முதல் ரூபாயிலிருந்தே 31.2 சதவீதம். ஐந்து லட்சம் எஃப்டிக்கு ஏழு சதவீதம் என்றால் 35,000 வட்டி, அதில் 10,920 போய்விடும். ஆனால் இது கடைசி வரி இல்லை. இந்தியா ஜெர்மனி இரட்டை வரி ஒப்பந்தத்தில் வட்டிக்கு உச்சம் பத்து சதவீதம்தான், அங்குள்ள வரி அலுவலகத்திடம் வசிப்பிடச் சான்று வாங்கி வங்கியில் கொடுத்தால் 3,500 மட்டும் பிடிப்பார்கள், ஒவ்வொரு வருஷமும் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினாலும் இங்கே ரிட்டர்ன் போட்டு மீதியைத் திரும்ப வாங்கலாம். ஒன்று மட்டும் கவனம்: பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டில் வந்தது தள்ளுபடி வழியாக, அது இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும்தான், என்ஆர்ஐக்குக் கிடையாது.

இன்னொன்று, இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. என்ஆர்இ வட்டிக்கு இங்கே வரியில்லை என்றால் எங்கேயும் இல்லை என்று அர்த்தமில்லை. ஜெர்மனியில் வசிப்பவர் உலகத்தில் எங்கே வட்டி வந்தாலும் அங்கே காட்ட வேண்டும், வரிப் படிவத்தில் அன்லாகே காப் என்ற பக்கத்தில். தனி ஆளுக்கு வருஷத்துக்கு ஆயிரம் யூரோ வரை விலக்கு, அதற்கு மேல் 26.375 சதவீதம், சர்ச் வரி இருந்தால் தனி. காட்டாமல் விட்டால் தெரியாது என்று அங்கே இருக்கும் நம்மவர்களே சொல்வார்கள், கேட்காதீர்கள். கணக்கை மாற்றும்போது எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள் என்று எழுதிக் கொடுக்கிறீர்களே, அந்தத் தகவல் இரண்டு அரசுகளுக்கும் இடையே வருஷா வருஷம் தானாகப் போகிறது.

இப்போது உங்களிடம் நான் மன்றாடிக் கேட்கும் விஷயம். என்ஆர்ஓ கணக்கில் ஊரில் இருக்கும் ஒருவருக்கு மேண்டேட் கொடுத்துவிட்டுப் போங்கள். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர், யாரை நம்புகிறீர்களோ அவர். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அவர் உள்ளூர்ச் செலவுக்கு அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம், செக் போடலாம். உங்கள் பணத்தை வேறு யாருக்கும் பரிசாகக் கொடுக்கவோ, உங்களைத் தவிர வெளிநாட்டில் யாருக்கும் அனுப்பவோ முடியாது. நெருங்கிய உறவினரைக் கூட்டுக் கணக்குதாரராகவும் சேர்க்கலாம், ஆனால் என்ஆர்ஐ கணக்கில் அது ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ முறையில்தான், அதாவது நீங்கள் இருக்கும்வரை உரிமை உங்களுடையது. 2020இல் கணக்கு மீண்டும் கைக்கு வந்ததும் நான் முதலில் செய்தது தங்கைக்கு மேண்டேட். அதற்குப் பிறகு அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது, வீட்டுக் கூரை ஒழுகியது, ஒரு தடவைகூட அவள் என்னை ராத்திரியில் எழுப்பவில்லை. நாமினியையும் சரிபாருங்கள். என்னுடையதில் காலமாகிப் பல வருஷமான என் பாட்டி பெயர் இருந்தது.

மற்றவை சுருக்கமாக. பிபிஎஃப் ஏற்கெனவே இருப்பதை முதிர்வு வரை, அதாவது பதினைந்து வருஷம் வரை ஓட்டலாம், நீட்டிக்க முடியாது, புதிதாகத் திறக்கவும் முடியாது. மியூச்சுவல் ஃபண்டில் கேஒய்சி நிலையை மாற்றி, எஸ்ஐபி (மாதாமாத முதலீட்டுத் தவணை) போகும் கணக்கையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பழைய கணக்கு மாறியபின் எஸ்ஐபி பணம் எடுபடாமல் திரும்பலாம். சம்பளம் நின்றதும் சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்காகி மினிமம் பேலன்ஸ் கேட்க ஆரம்பிக்கும், வேண்டாத கணக்கை மூடிவிட்டே போங்கள். இரண்டு வருஷம் நீங்களாக எதுவும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகும், பத்து வருஷம் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், அப்போதும் கேட்டு வாங்கலாம், ஆனால் எதற்கு அந்த அலைச்சல்.

பான் பற்றி ஒரு வார்த்தை. ஆதாரோடு இணைக்காத பான் 2023 ஜூலையில் முடங்கியது. என்ஆர்ஐக்கு இணைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் நீங்கள் என்ஆர்ஐ என்பது வரித்துறையின் பதிவில் இருக்க வேண்டுமே. நான் என்ஆர்ஐ என்றே ரிட்டர்ன் போட்டுவந்ததால் பிரச்சினை வரவில்லை. என்னோடு வேலை பார்த்த சேலத்துக்காரர் ஒருவருக்குப் பான் முடங்கி, வர வேண்டிய ரீஃபண்ட் மாதக்கணக்கில் நின்றது. வரித்தளத்தில் உங்கள் வசிப்பிட நிலையை மாற்றுங்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போவதாக இருந்தால் குடி வருபவரிடம் நீங்கள் என்ஆர்ஐ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், வாடகையில் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டியது அவர் பொறுப்பு, சொல்லாமல் விட்டால் மாட்டுவது பாவம் அவர்.

இந்த ஐந்து வாரத்தை நான் எப்படிச் செலவழிப்பேன் என்றால், முதல் வாரமே கிளைக்குப் போய் என்ஆர்ஐ பிரிவில் இருப்பவரைப் பார்ப்பேன். வேலை விசா ஒட்டிய பாஸ்போர்ட், பணி ஒப்பந்தம், பான், போட்டோ எடுத்துப் போங்கள். சில வங்கிகள் அதை வைத்தே இங்கேயே வாங்கிக்கொள்ளும், சில, அங்கே போய் முகவரிச் சான்று அனுப்புங்கள் என்று சொல்லும். இரண்டாவது என்றாலும் படிவங்களை எழுதி, அவர்கள் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டு, மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பித்து, மேண்டேட் படிவத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த அதிகாரியின் நேரடி மின்னஞ்சலைக் கேட்டு வாங்குங்கள். அங்கே இறங்கி வீட்டு முகவரியை நகராட்சி அலுவலகத்தில் பதிந்ததும் ஒரு சான்று தருவார்கள், அதை அன்றைக்கே ஸ்கேன் செய்து அவருக்கு அனுப்புங்கள், ஜெர்மன் மொழியில் இருக்கும் என்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்கிறார்களா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.